காற்றடிக்கும் மிஷினும் கார் சாவியும்

கார் சாவியை மனைவி கையில் கொடுப்பதில்லை என்று அளவுகோலார் என்றைக்கு முடிவு செய்தார் என்பது அவருக்கே நினைவில்லை. ஆனால் முடிவு கெட்டியான முடிவு. ராஜாக்கள்கூடக் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போயிருப்பார்கள். நம்மவர் குளிக்கப் போகும்போது குளியலறைக் கொக்கியில் துண்டுக்குப் பக்கத்தில் சாவியும் தொங்கும்.

அளவுகோலார் என்பது அப்பா அம்மா வைத்த பெயரல்ல, தெரு வைத்தது. கடைத் தராசுகளும் எடைக்கற்களும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை போடும் ஆய்வாளர் அவர். மாலையில் சட்டையைக் கழற்றுவாரே தவிர உத்தியோகத்தைக் கழற்றத் தெரியாது. காபிக்குச் சர்க்கரை போடும்போது கரண்டியில் கூம்பாக நின்றால், விளிம்போடு விரலால் வழித்துத் தட்டிவிட்டுத்தான் போடுவார். படுக்கை விரிப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவு தொங்காவிட்டால் தூக்கம் வராது.

அவருடைய மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, பஸ் மாறி, ஏறிய பஸ்ஸிலெல்லாம் நின்றபடியே வீடு வந்து சேருவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்வாள். கார் ஓட்டும் உரிமம் அவள் கைப்பையில் இருந்தது. முதல் தேர்விலேயே வாங்கியது. அளவுகோலார் எத்தனையாவது தேர்வில் வாங்கினார் என்பது அந்த வீட்டில் யாரும் பேசாத விஷயம். அவருடைய அலுவலகத்துக்குத் தெருமுனையிலிருந்தே நேர் பஸ் போகிறது என்பது யாரும் பேசாத இன்னொரு விஷயம்.

அவள் சாவியைக் கேட்டால் அவரிடம் பதில் எப்போதும் தயார்.

“ஓட்டறதுல உன்னைக் குறை சொல்ல முடியாதும்மா. நல்லாத்தான் ஓட்டறே. ஆனா நடுரோட்டுல டயர்ல காத்து இறங்கிப்போச்சுன்னா என்ன பண்ணுவே? தனியா?”

அந்தத் ‘தனியா’வில் அவர் குரல் லேசாகத் தழுதழுக்கும். கேட்கிறவர்கள், எவ்வளவு அக்கறையான புருஷன் என்று உருகிப்போவார்கள். மனைவி உருக மாட்டாள். பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

உண்மை வேறு. அலுவலகத்தில் மேலதிகாரி அவரை ஒரு நாற்காலியாகக்கூட மதிப்பதில்லை. கடைகளில் வியாபாரிகள் முகத்துக்கு நேரே கும்பிட்டு முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்காரும்போதுதான் தாமும் ஒரு ஆள் என்று அவருக்குத் தோன்றும். அந்த ஆசனமும் போய்விட்டால் தமக்கென்று உலகத்தில் வேறு இடமில்லை என்று மனிதர் மெய்யாகவே பயந்தார். பாவம்தான். ஆனால் வலிப்பது அவள் கணுக்கால் ஆயிற்றே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காரைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் மனைவி வந்து நின்றாள்.

“ஏங்க, வண்டி இந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சு நிக்கற மாதிரி இல்ல?”

“தரை சாய்வு.”

“நேத்து வரைக்கும் நேராத்தானே இருந்துது?”

குனிந்து பார்த்தார். முன்பக்க இடது டயர் சோர்ந்து உட்கார்ந்திருந்தது. மெல்ல உருட்டிக்கொண்டு பெட்ரோல் போடும் இடத்துக்குப் போனால், அங்கே காற்றடிக்கும் கருவிக்குச் சாக்குப் போர்த்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். எப்போது சரியாகும் என்று கேட்டதற்கு அங்கிருந்த ஆள் வானத்தைப் பார்த்தான். இன்னொரு இடம் தேடி, காற்றடித்து, வியர்த்து வழிய வீடு திரும்பியபோது மனைவி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்காமல் இஸ்திரிப் பெட்டியிடம் சொல்வதுபோலச் சொன்னாள், இப்போதெல்லாம் வயரே இல்லாமல் கையில் எடுத்துப் போகிற மாதிரி காற்றடிக்கும் மிஷின் வருகிறதாம், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டாக்டர் ஒன்று வைத்திருக்கிறாராம் என்று. அதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்றார் அளவுகோலார். அவள் அடுத்த துணியை எடுத்து விரித்தாள். மருந்து கொடுத்துப் பழகிய கை. முழுப் புட்டியையும் ஒரே வேளையில் ஊற்றிவிட மாட்டாள்.

சில நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

“எனக்கு ஒரு யோசனை தோணுது. வீட்டுல ஒரு காத்தடிக்கிற மிஷின் இருந்தா என்ன?”

“அட, எனக்கு இது தோணவே இல்லையே” என்றாள் மனைவி.

அளவுகோலார் ஒரு குடை வாங்கப் போனாலே கடைக்காரருக்குத் தலைவலி வந்துவிடும். இது பாட்டரியும் எண்ணும் உள்ள சமாசாரம். விட்டுவிடுவாரா? எத்தனை நேரம் ஓடும், எவ்வளவு சூடாகும், குழாய் டயர் வால்வில் திருகி உட்காருமா கவ்விப் பிடிக்குமா என்று பார்க்கிறவர்களையெல்லாம் பிடித்துக் கேட்டார். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தெருவுக்கே அண்ணன், அவரைக் கண்டால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற அளவுக்குப் போயிற்று. அந்த அண்ணன்தான் ஓய்வு நாட்களில் தன் பழைய காரில் அளவுகோலாரின் மனைவிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பாவத்தை அளவுகோலார் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைக்கு மனைவியும் கூடப் போனாள். பேசாமல் ஒரு ஓரமாக நிற்பதாகச் சொல்லித்தான் போனாள்.

கடைக்காரர் மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு வயர் இருந்தது, காரில் செருகித்தான் ஓட்ட வேண்டும். அது உடனே தள்ளப்பட்டது. இரண்டாவது பெரியது. அதைத் தூக்கினால் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கிவிடும். மூன்றாவது தண்ணீர் பாட்டில் அளவுதான். பாட்டரி உள்ளேயே இருந்தது. எவ்வளவு காற்று வேண்டுமோ அந்த எண்ணைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் தானே அடித்துத் தானே நின்றுவிடும்.

அளவுகோலாரின் கண் பெரியதில் போய் ஒட்டிக்கொண்டது. ஆம்பிளை தூக்குகிற மிஷின் என்று வாய்விட்டே சொன்னார். அதைத் தூக்க மனைவியால் முடியாது என்பதையும் அவர் மனசு அந்தக் கணத்திலேயே கணக்குப் பண்ணிவிட்டது. கடைக்காரர் பெட்டியைக் கட்டக் கயிறு எடுத்தார். அப்போதுதான் ஓரமாக நின்றவள் எட்டிப் பார்த்தாள்.

“இதுல அளவு காட்டறது முள்ளாங்க?”

“ஆமாம்மா. முள்தான். நல்ல உழைப்பு” என்றார் கடைக்காரர்.

“அழகா இருக்கு. பூஜ்யத்துல நிக்காம ஒரு மயிரிழை தள்ளி நிக்குது, அதனால என்ன இப்போ. வாங்கிடுங்க.”

அளவுகோலார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். முள் பூஜ்யத்துக்கு வரவே இல்லை. ஊரெல்லாம் பூஜ்யத்தில் நிற்காத தராசைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர் அவர். இப்படிப்பட்ட ஒன்றைத் தம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்கும்? மயிரிழை என்று மனைவி சொன்னதை வேறு அவரால் பொறுக்க முடியவில்லை. மயிரிழையில்தான் உலகமே ஏமாறுகிறது என்று கடைக்காரருக்கு ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, எண் காட்டும் சின்ன மிஷினை எடுத்தார். சட்டைப் பையிலிருந்த தம் சொந்த அளவுமானியால் வாசலில் நின்ற காரின் டயரில் வைத்துச் சரிபார்த்தார். இரண்டும் ஒன்றாகக் காட்டின. முகம் மலர்ந்துவிட்டது.

“பெருசே வாங்கியிருக்கலாம்” என்றாள் மனைவி வழியில்.

“உனக்கு அளவைப் பத்தி என்னம்மா தெரியும்?”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று மாலை வாசலில் வெள்ளோட்டம். டிரைவர் அண்ணன் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டார். அளவுகோலார் வேண்டுமென்றே ஒரு டயரில் காற்றை இறக்கிவிட்டு, மிஷினைத் திருகி, முப்பத்து மூன்று என்று எண் போட்டு, பொத்தானை அழுத்தினார். அது கடகடவென்று கத்தி, எண் ஏறி, சொன்ன இடத்தில் கப்சிப்பென்று நின்றது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாயைக் கொடுத்தார்.

“பாத்தீங்களாண்ணே? பலம் வேணாம், பழக்கம் வேணாம். சின்னக் குழந்தைகூடச் செய்யலாம்.”

“எங்க, நான் ஒருதடவை சும்மா பாக்கறேன்” என்று மனைவி வாங்கிக்கொண்டாள். அடுத்த டயரில் திருகினாள், எண் போட்டாள், அழுத்தினாள். நின்றது. துப்பட்டாவில் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

டிரைவர் அண்ணன் தாடையைத் தடவினார். “நல்லதாப் போச்சு தம்பி. இனிமே தங்கச்சி தனியாவே காரை எடுத்துட்டுப் போகலாம். உங்க கவலை விட்டுது.”

இத்தனை காலம் தாங்கிப் பிடித்த ஒரே தூணைத் தாமே காசு கொடுத்து இடித்துவிட்டோம் என்பது அப்போதுதான் அளவுகோலாருக்கு உறைத்தது. உள்ளே போய், மிஷினோடு வந்த விளக்கத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார். முக்கால்வாசி படித்த பிறகு அவர் முகத்தில் உயிர் வந்தது.

“இங்க பாரும்மா. பாட்டரி உள்ள சாமான் இது. நாப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல சூடாகிற இடத்துல வைக்கக்கூடாதாம். வெயில்ல நிக்கற கார்ல வைக்கவே கூடாதுன்னு தனியாப் போட்டிருக்கான். அதனால இது வீட்டுலதான் இருக்கணும்.”

“அப்ப கார்ல இருக்காதா?”

“எப்படி இருக்கும்? மிஷின் கார்ல இல்லாம உன்னை எப்படித் தனியா அனுப்ப முடியும்? எனக்கு மட்டும் ஆசையா? குளிர்ந்த, உலர்ந்த இடத்துல வைக்கணும்மா. மருந்து மாதிரின்னு வச்சுக்கோயேன்.”

“அப்படிங்களா?” என்றாள் மனைவி. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்ற இதே வாக்கியத்தை அவள் காலையிலிருந்து மாலைவரை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று எத்தனை பேருக்குச் சொல்கிறாள் என்பதை வெற்றி மயக்கத்தில் அவர் மறந்துவிட்டார்.

அடுத்து, வைக்க இடம் தேடும் படலம். அளவுகோலார் அலுவலகத்துக்கென்று வைத்திருந்த வெப்பமானி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க உலாவினார். சமையலறை அலமாரியில் வைக்கலாம் என்றார். அடுப்புச் சூடு அடிக்கும் என்றாள் மனைவி. இரும்புப் பீரோவில் என்றார். பீரோவுக்குப் பின்னால் இருப்பது மேற்குச் சுவர், சாயங்காலம் தொட்டுப் பாருங்கள் என்றாள். தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். கடைசியில் ஃபிரிட்ஜைத் திறந்து, பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தை ஆசையாகப் பார்த்தார். உள்ளே வைத்து வெளியே எடுத்தால் வியர்க்கும், வியர்த்தால் பாட்டரி போச்சு என்றாள். இவளுக்கு எப்படி இதெல்லாம் தெரிகிறது என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

பிறகு அவளுக்குத் தெரியாமல் அவரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கட்டிலுக்கடியில் இருந்த பழைய சூட்கேஸ். அதற்குள் ஒரு செருப்புப் பெட்டி, அதற்குள் துண்டில் சுற்றிய மிஷின். தாளில் சொன்னபடி பாட்டரியைப் பாதிக்கு மட்டும் ஏற்றி, தூங்கவைத்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து பழையபடி அவர் காரில், மனைவி பஸ்ஸில். அவள் சாவியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு நாள் ஊருக்கு வெளியே, லாரிகளை நிறுத்தி எடைபோடும் மேடை ஒன்றைச் சோதிக்கக் காரில் போனார். பாதி வழியில் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் டயரில் ஆணி. காற்று முக்கால்வாசி போயிருந்தது. சரி, ஸ்டெப்னியை மாட்டலாம் என்று பின்பக்கம் திறந்து எடுத்தார். கீழே போட்டதும் அது துள்ளவில்லை, பொத்தென்று விழுந்து படுத்துக்கொண்டது. ஊரார் எடைக்கல்லையெல்லாம் சோதித்தவர், தம் ஸ்டெப்னியை வாங்கின நாளிலிருந்து தொட்டுப் பார்த்ததில்லை.

நிழலில்லாத சாலை. எடை மேடையில் லாரிகள் வரிசையில் காத்திருக்கின்றன. மேலதிகாரி போனில் கத்துகிறார். அளவுகோலார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு அழைத்தார். மனைவிக்கு அன்று விடுமுறை. டயர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி மிஷின் இருக்கும் இடத்தையும் ஒப்புக்கொண்டார்.

“கட்டிலுக்கடியில சூட்கேஸ்ல...”

“அங்க இல்லீங்க. அங்க தரையில ஈரம் கசியுது. அன்னைக்கே எடுத்து நான் மருந்துப் பெட்டியில வச்சுட்டேன். எங்க நிக்கறீங்க, சொல்லுங்க.”

அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில், இன்சுலின் எடுத்துப் போகிற, சூடு புகாத பை. அதற்குள் மிஷின் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தது. வழியில் போன லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்க்க, அவள் குனிந்து எண்ணைப் போட்டு, ஸ்டெப்னிக்குக் காற்றை ஏற்றினாள். அளவுகோலார் அவள் தலைக்குமேல் குடை பிடித்தார். சக்கரத்தை மாட்டியது மட்டும் அவர்தான். அதையும் அவள் பாராட்டினாள்.

அன்று மாலை பேச்சு வந்தது.

“மிஷின் கார்லயே இருக்கணுங்க.”

“இருக்கணும்தான். நான் மட்டும் வேணாம்னா சொல்றேன்? வெயில்ல கார் கொதிக்குதே.”

“உங்க ஆபீஸ்ல கொதிக்கும். மரம்கூட இல்லாத வெட்டவெளி. எங்க ஆஸ்பத்திரியில கார் நிறுத்தற இடம் தரைக்குக் கீழ. நாள் பூரா வெயிலே படாது.” சொல்லிவிட்டு உடனே சேர்த்தாள். “நான் சொல்றதை நம்ப வேணாம். நீங்களே அளந்து பாருங்க.”

அளந்து பாருங்கள் என்று யாராவது சொன்னால் அளவுகோலாரால் உட்கார்ந்திருக்க முடியாது. மறுநாள் மதியம் தம் அலுவலக வாசலில் நின்ற காருக்குள் வெப்பமானியை வைத்தார். எடுத்துப் பார்த்ததும் விரலைச் சுட்டது. ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதே சூட்டோடு அரை நாள் லீவு போட்டு, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்குப் போய், இரண்டு தூண்களுக்கு நடுவே மண்டியிட்டு உட்கார்ந்தார். காவலாளி வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். வெப்பம் என்றார். காவலாளி சற்றுத் தள்ளியே நின்றுகொண்டார்.

அங்கே இருபத்தெட்டு.

அளவுகோலார் அந்த எண்ணைப் பார்த்தார். கண் முன்னால் ஸ்டியரிங் தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். காவலாளி வேறு பக்கம் திரும்பியிருந்தார். மெல்ல வெப்பமானியின் நுனியை வாய்க்கருகே கொண்டுபோய் ஊதினார். எண் ஏறியது. இன்னும் ஊதினார். இன்னும் ஏறியது. வீட்டில் கொண்டுபோய்க் காட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்புறம்தான் உடம்பு கூசியது. எடைக்கல்லின் அடியைக் குடைந்து ஈயத்தை எடுக்கிற ஆளைப் பிடிக்கும்போது, அந்த ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தம் முகம் இப்போது அப்படித்தான் இருக்கிறது என்று தோன்றியது. வெப்பமானியைச் சட்டையில் துடைத்தார். அது தானாக இறங்கும்வரை காத்திருந்து, மறுபடி படித்தார். இருபத்தெட்டேதான்.

வீட்டுக்கு வந்து இரண்டு எண்ணையும் உள்ளபடியே சொன்னார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மனைவி அவரையே பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

“நீங்க எண்ணை மாத்திச் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியுங்க. அதை நம்பித்தானே இவ்வளவும்.”

“எவ்வளவும்?” என்று நிமிர்ந்தார் அளவுகோலார்.

“சாப்பாடு ஆறுது, வாங்க.”

அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த முள், அந்த இஸ்திரிப் பெட்டி, அந்த ஈரத்தரை என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிலும் அவள் செய்தது என்று ஒன்றுமே இல்லை. எல்லாம் அவரே செய்தது. அவரே ஆராய்ந்து, அவரே வாங்கி, அவரே தாளைப் படித்து, அவரே மண்டியிட்டு அளந்தது. யாரைக் குற்றம் சொல்வது?

திங்கட்கிழமை காலை சாவி கைமாறியது. கொடுக்கும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் தகராறு செய்தன, பிறகு விட்டுவிட்டன. மிஷின் பின்சீட்டில் சூடு புகாத பைக்குள் சொகுசாக ஏறிக்கொண்டது. அளவுகோலார் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். பஸ் நிறுத்தத்தில் கூரை இல்லை. வெயில் அப்போதே ஏறத் தொடங்கியிருந்தது. கைக்குட்டையை விரித்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

கார் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று அவர் முகத்தில் பட்டது. மனைவி ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி, மறு கையால் அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகும் கதவை விட்டு நகரவில்லை.

“வெயில் கொளுத்துதும்மா. என்னையும் ஏத்திக்கிட்டு ஆபீஸ்ல இறக்கிட்டுப் போயேன்.”

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றியபடி பொறுமையாகச் சொன்னாள்.

“வெயில்ல வைக்கக்கூடாதுன்னு மிஷினுக்குத்தாங்க போட்டிருக்கு.”